மூன்றாவது வரிசைப் போன்

வயலின் வில்லை மடியில் கிடத்தியாயிற்று. இனிமேல் பஞ்சாபகேசன் அண்ணாவின் மிருதங்கமும் உமாபதியின் கடமும் பேசி முடிக்கும்வரை எனக்கு வேலை கிடையாது, தொடையில் தாளம் போடுவதைத் தவிர. தனி ஆவர்த்தனம் வந்தால் வயலின்காரிக்கு மேடையிலேயே லீவு. முன்பெல்லாம் சபையும் இந்த இடத்தில்தான் லீவு எடுத்துக்கொள்ளும், பொங்கலும் வடையும் ஆறிவிடப்போகிறதே என்று நாற்காலிகள் கிறீச்சிட எழுந்து காண்டீனுக்குப் போகும், அண்ணா அவர்கள் முதுகுக்கு வாசித்துக்கொண்டிருப்பார். இப்போது அவ்வளவு பேர் எழுந்து போவதில்லை. அதற்குப் பதிலாகப் போன் எழுந்துகொள்கிறது. பாடகன் வாகீசன் தோடி ராகக் கீர்த்தனையை நடுவில் நிறுத்தி மிருதங்கத்தின் பக்கம் கையைக் காட்டியதுமே எத்தனை போன் மேலே வந்தது, சொல்லி வைத்த மாதிரி. அவனுக்காக வந்த கூட்டம், அவன் வாயை மூடிக்கொண்டு வெறுமே தாளம் போட்டாலும் எடுப்பார்கள். இரண்டு களை ஆதி தாளம், ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டு தரம் போட வேண்டும். தட்டு, தட்டு, சுண்டு விரல், சுண்டு விரல், மோதிர விரல், மோதிர விரல். தாளம் போடுகிற வலது கையில் மோதிர விரல் ஒரு குறையும் சொல்ல முடியாமல் வந்து தொடையைத் தொடுகிறது. குறை இடது கையில்.

அதை நினைக்க வேண்டாம். எதிரே பார். எதிரே பார்த்தால் முகமே இல்லை, எல்லாம் போன் உறை. ஒரு உறையில் பிள்ளையார், ஒன்றில் பேரக்குழந்தையின் படம், ஒன்றில் பளபளவென்று ஜிகினா. கச்சேரி ஆரம்பத்தில் சபா காரியதரிசி மைக்கைப் பிடித்து, அன்பு கூர்ந்து கைப்பேசிகளை அணைத்துவிடுங்கள், படம் எடுப்பது கலைஞர்களுக்கு இடையூறு என்று உருகினார். அவரே இப்போது திரைச்சீலை ஓரத்தில் நின்று எடுத்துக்கொண்டிருக்கிறார், சபாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதற்காம், அது கணக்கில் வராதாம். இரண்டாவது வரிசையில் ஒரு மாமி போனை மார்புயரத்தில் பிடித்து யாருக்கோ வீடியோ கால் போட்டிருக்கிறாள். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கடத்தின் மேலேறி எனக்கே கேட்கிறது: “காண்டீன்ல இன்னிக்கு என்ன போட்டிருக்கான்னு கேளும்மா.” மாமி பதறிப்போய் பட்டனைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை, போனைப் புடவைக்குள் அமுக்கிக்கொள்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கேயோ பனி கொட்டும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பாவம் அவனுக்கு வடை நினைவு. எடுக்கட்டுமே, எடுத்தால் என்ன தேய்ந்தா போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நான். கூடப் பாடுகிற, வாசிக்கிற எல்லாரும் போனைத் திட்டும்போது, ரசிகாளை விரட்டாதீங்கோ, ஏதோ ஆசைக்கு எடுக்கறா என்று வக்காலத்து வாங்கினவள். போன வருஷம்வரைக்கும். அப்போதெல்லாம் போன் என் முகத்தைப் பார்த்தது, புடவையைப் பார்த்தது, வைரத்தோடு மின்னுகிறதா என்று பார்த்தது. எனக்கும் பிடித்தது என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் மூன்றாவது வரிசையில் நீலச் சுடிதார் போட்ட அந்தப் பெண் முகத்தை எடுக்கவில்லை. கச்சேரி ஆரம்பித்ததிலிருந்து பார்க்கிறேன். மற்றவர்கள் கொஞ்சம் எடுப்பார்கள், கை வலிக்கும், இறக்குவார்கள், வாகீசன் குரல் மேலே போனால் மறுபடி தூக்குவார்கள். இவள் முழங்கையை முழங்கால்மேல் ஊன்றிக்கொண்டு அப்படியே இருக்கிறாள். போன் வாகீசன் பக்கம் திரும்பவே இல்லை. என் இடது கையைப் பார்க்கிறது. மேடையில் வயலினுக்கு விதித்த இடம் அப்படி, நான் பாடகரைப் பார்த்து உட்கார்ந்தால் என் இடது கை கச்சிதமாக ஜனங்கள் பக்கம் வந்துவிடும், விரல் ஒவ்வொன்றும் கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாதிரி. வயலின் மாணவியாக இருக்கும், விரல் போகிற விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள எடுக்கிறாள், நான் மட்டும் அந்த வயதில் போன் இருந்தால் எடுத்திருக்க மாட்டேனா. அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லாவிட்டால்? சுகந்தா, தாளத்தைப் போடு. தட்டு, தட்டு, சுண்டு விரல். போன வருஷம் டாக்டர் என் விரலைப் பிடித்து மடக்கினார், நீட்டினார், சட்டைப் பட்டனைப் போடச் சொன்னார், பேனா பிடிக்கச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தது. வயலினை எடுத்து வாசியுங்கள் என்றார், வாசித்தேன், மோதிர விரல், வயலின்காரர்கள் கணக்கில் மூன்றாவது விரல், தந்திக்கு வராமல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. “வேற எந்த வேலைக்கும் இந்த விரல் நல்லா இருக்கும்மா. அது வயலினுக்கு மட்டும்தான் மாட்டேங்குது. கைல ஒண்ணும் இல்ல, மூளை அனுப்பற சேதி குழம்பிப்போகுது.” முறுக்குச் சுற்றலாம், பூத் தொடுக்கலாம், பல்லாங்குழி ஆடலாம். ஏழு வயதிலிருந்து எதற்காக அந்த விரலை வளர்த்தேனோ அதற்கு மட்டும் வராது. சரியாகுமா டாக்டர் என்று கேட்டதற்கு அவர் அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் தோள்பட்டை வலிக்காகப் போனேன் என்று சொன்னேன். அப்புறம் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, போனை எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்து என் கையையே எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். காதுக்கு ஒன்றும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது, போனுக்குத் தெரியும். விரல் தந்தியை நோக்கி வருகிறது, பாதி வழியில் எதையோ மறந்துவிட்ட மாதிரி நிற்கிறது, பின்வாங்குகிறது, சுருள்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அதே இடம். ஒருநாள் இவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, யாருக்கு எடுக்கறே என்றார், ஒரு ஸ்டூடண்டுக்கு என்றேன், நம்பிவிட்டார். மோதிர விரல் செய்ய வேண்டியதை எல்லாம் நடுவிரலுக்கு மாற்றிக்கொண்டேன், அது ஓடிப்போய்ச் சேர முடியாத இடத்தில் தந்தியிலேயே வழுக்கிக்கொண்டு போகப் பழகினேன். அதற்கு என்ன நடந்தது தெரியுமா, பத்திரிகையில் எழுதினார்கள்: சுகந்தாவின் வாசிப்பில் புதிதாக ஒரு கனிவு, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் வழுக்கிச் செல்லும் அழகே அழகு. என் வியாதிக்குப் பாராட்டு. அந்தப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வேறு மாதிரி போய்விட்டது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அதுவும் பரவாயில்லை. போன வாரம் யாரோ எடுத்துப் போட்ட துண்டு வீடியோவின் கீழே ஆகா ஓகோ என்று வரிசையாக வந்த கருத்துகளுக்கு நடுவில் ஒருவன், பேர்கூட இல்லாதவன், எழுதியிருக்கிறான்: அம்மாவின் மூன்றாவது விரலுக்கு என்ன ஆச்சு? அவ்வளவுதான். அதற்கு ஒரே ஒரு லைக். அந்த லைக் போட்டவன் யார் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

இது தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்ல மாட்டார்கள், எங்கள் உலகத்தில் அந்த வழக்கமே கிடையாது. நமஸ்காரம் மாமி, உடம்பைப் பார்த்துக்கோங்கோ மாமி, இந்த சீசன் கொஞ்சம் இளசுகளுக்கு சான்ஸ் குடுக்கலாம்னு சபாவில சொல்றா மாமி. மார்கழி சீசன் பட்டியல் வரும், பாடகர் பேருக்குக் கீழே வயலின் என்ற இடத்தில் வேறு பேர் இருக்கும். வாகீசன் முதன்முதலாகக் குரல் நடுங்க மேடை ஏறியபோது அவனுக்கு வாசித்தவள் நான், இன்றைக்குவரை அவனுக்கு நான்தான். அவனே மாற்றிவிட்டால் மற்றவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். பாட்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம்தான். ஆனால் இங்கே, இந்த ஜமக்காளத்தில், தோடி போய்க்கொண்டிருக்கும்போது பாடுகிறவன் மூச்சு எடுக்கிற அந்தக் கண இடைவெளியில் நுழைந்து அவன் விட்டதைப் பிடித்துக்கொள்வது, அதை எங்கே போய் வைத்துக்கொள்வேன். அது இல்லாவிட்டால் நான் வெறும் சுகந்தா, காய்கறி வாங்குகிற, கரண்ட் பில் கட்டுகிற சுகந்தா, அவளோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. பயமாகத்தான் இருக்கிறது. உமாபதியின் கடம் இப்போது அண்ணா சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, அண்ணா சுருக்குகிறார், கடமும் சுருக்குகிறது, கேள்வியும் பதிலும் குட்டையாகிக்கொண்டே வருகின்றன. நீலச் சுடிதார் அசையவில்லை. வாசிக்காத கையில் என்னடி பெண்ணே பார்க்கிறாய், வயலின் கழுத்தில் சும்மா கிடக்கிறது.

முதல் வரிசைக்கு முன்னால் சந்தன நிற ஜிப்பா போட்ட ஒரு ஆள் எழுந்து நிற்கிறான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைத் தலைக்குமேல் தூக்குகிறான். அவன் முகம், அதற்குப் பின்னால் மேடை, மேடையில் வாகீசன். தனி நடக்கும்போது முதுகு காட்டுகிறவனை அண்ணா அந்தக் காலத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு ஒரு வழி பண்ணியிருப்பார். வாகீசன் சின்னப் பிள்ளை, கோபிக்கத் தெரியாது, போனைப் பார்த்து இளித்தான். தலையைக்கூட ஒரு பக்கம் சாய்த்துக் கொடுத்தான். ஜிப்பா திருப்தியாக உட்கார்ந்தது. நான் என் கையைப் பார்த்தேன், மோதிர விரலில் இருந்தது. அவன் கையைப் பார்த்தேன், நடுவிரலில் இருந்தது. நான் தப்பா, அவன் தப்பா? நான்தான் இத்தனை நேரம் டாக்டர் வீட்டிலும் குளியலறையிலும் அலைந்துகொண்டிருந்தேனே, நான்தான் ஒன்றைக் கூடப் போட்டுவிட்டேன், விரலும் போய் இப்போது தாளமும் போய்விட்டதா எனக்கு, அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறாளா அவள். கையை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு மிருதங்கத்தை மட்டும் கேட்டேன். அண்ணா ஒரு சுற்றை முடித்துத் தொப்பியில், மிருதங்கத்தின் இடது முகத்தில், கும்மென்று ஒன்று போட்டார். என் உள்ளங்கை அப்போதுதான் தொடையில் விழுந்தது, ஒன்றாக. கண்ணைத் திறந்தேன். அண்ணா என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தைக் கொஞ்சமாக உயர்த்தி வாகீசன் பக்கம் காட்டி, மறுபடி மிருதங்கத்துக்குள் போய்விட்டார். அவன்தான். இளித்த இளிப்பில் இரண்டு போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டுவிட்டு மேலே போய்விட்டான். கண்ணுக்குத் தெரியாத அளவு தப்பு, ஆனால் தனியை முடித்து வைக்கிற தீர்மானம் வாசித்து முடிந்து அவன் தோடியை எடுக்கும்போது மிருதங்கம் ஒரு இடத்திலும் அவன் ஒரு இடத்திலும் இருப்பார்கள், சபை முழுக்கப் பார்த்திருக்கக் கச்சேரி விழுந்து நொறுங்கும்.

ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். இந்த ஊர் சபையில் தாளம் தப்பினால் பாடகன் முன்வரிசையைப் பார்த்தாலே போதும், பத்துக் கை தொடையில் தட்டிக்கொண்டிருக்கும், ரிட்டயர்டு இன்ஜினியர்களும் ஆடிட்டர்களும் முறைத்துக்கொண்டு பெரிசாகத் தட்டிக் காட்டுவார்கள், அந்தக் கைகளைப் பார்த்து நைசாக ஒட்டிக்கொள்ளலாம். வாகீசன் அப்படித்தான் பார்த்தான், ஏதோ இடறுகிறது என்று அவனுக்கும் பட்டிருக்க வேண்டும், கண் முன்வரிசையில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போனது. ஒரு கைகூடத் தொடையில் இல்லை. எல்லாக் கையிலும் போன். அத்தனை பேர் எடுக்கிறார்கள், ஒருவர்கூட எண்ணவில்லை. அவன் முகம் மாறியது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நான் அவனுக்கு இடப்பக்கம், அவன் வலப்பக்கம் மிருதங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. விழட்டுமே. இவன் விழுந்தால் நாளைக்கு ஊர் முழுக்க அதுதான் பேச்சு, அந்த வீடியோவைத்தான் அத்தனை பேரும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், என் விரலை எவன் பார்க்கப்போகிறான். இதை நினைத்தேன், நினைக்க நன்றாகவும் இருந்தது, கொஞ்ச நேரம் மூச்சு லேசாக வந்தது. அப்புறம் அவன் கையைப் பார்த்தேன். விரல் வரட்டுமா வேண்டாமா என்று பாதியில் நின்று நின்று வந்தது. அந்த நிற்பை எனக்குத் தெரியும். எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.

எப்படிச் சொல்வது? கையைத் தூக்கிப் பெரிசாகத் தாளம் போட்டுக் காட்டினால் அவனுக்குத் தெரியும், கூடவே அத்தனை போனுக்கும் தெரியும், இரண்டு கை இரண்டு விதமாகப் போகிறதை எவனாவது வேகம் குறைத்துப் பார்ப்பான். குனிந்து முழங்காலைத் தொட்டால் அதுவும் பதிவாகும். அண்ணா அடுத்த சுற்றை முடிக்க வந்துகொண்டிருந்தார், கனமாக, எனக்காகவே கனமாக. கும்மென்று விழுந்தது. விழுந்த அதே நொடியில், தொண்டையைத் திறந்து, மைக்கே இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, “பலே!” என்றேன்.

சபை சிரித்தது, கை தட்டியது, வயலின் மாமிக்கு ரசனை பீறிக்கொண்டு வருகிறது என்று சில போன்கள் என் பக்கம் திரும்பின. வாகீசன் சட்டென்று திரும்பினான். நான் ஒருநாளும் இப்படிக் கத்துகிறவள் இல்லை, அவனுக்குத் தெரியும். என் கையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். அங்கவஸ்திரத்தை எடுத்து நெற்றியை நிதானமாகத் துடைத்துக்கொண்டான், பார்த்த எல்லோருக்கும் ஏ.சி. போதவில்லை என்றுதான் பட்டிருக்கும். துடைத்துவிட்டுக் கீழே வந்த கை என் கையோடு ஒன்றாக இறங்கியது. அண்ணா குனிந்தபடியே சிரித்தார். நடந்தது இத்தனை போனுக்குள்ளும் இருக்கிறது, ஒன்றுக்குள்ளும் இல்லை. மிருதங்கமும் கடமும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தன, மேடையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காத அளவுக்குச் சத்தம். வாகீசன் சிரித்த முகத்தை மாற்றாமல் என் பக்கம் சாய்ந்தான்.

“மாமி, எப்பலேர்ந்து தப்பு?”

“இப்பத்தான். யாரும் பாக்கல.”

“நீங்க இல்லேன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும்.”

எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால் இவன் தப்பினான். என்னோடு யார் எண்ணுகிறார்கள்? யாருமில்லை, யாரிடமும் நான் சொல்லவில்லை. புருஷனிடம் தோள்பட்டை என்றேன், இவனிடம் ஒன்றுமே சொல்லவில்லை, இருட்டில் ஒருத்தி தனியாகச் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி இத்தனை மாதம் வாசித்திருக்கிறேன். சொல்லிவிட்டால் எல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால் என்றைக்கோ ஒருநாள் எவனோ எனக்கு முன்னால் சொல்லிவிடுவான். வேண்டாம், இங்கே வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் சொல்லிவிட்டது.

“வாகீசா, எனக்கு ஒரு விரல் போயிடுத்துடா. போன வருஷத்துலேர்ந்து. வயலின்ல வைக்க வரல. அடுத்த கச்சேரிக்கு வேற யாரையாவது பாத்துக்கோ.”

அவன் கை தாளத்தை விடவில்லை. இந்தத் தடவை ஒழுங்காக எண்ணினான். “அதை அப்பறம் பேசலாம். எந்த விரல் மாமி?”

வயலின் கழுத்திலிருந்து இடது கையை எடுத்தேன். அந்தப் பக்கம் அத்தனை போனும் இருக்கிறது என்று தெரிந்துதான் எடுத்தேன். மற்ற விரல்களை மடக்கி மோதிர விரலை மட்டும் தூக்கிக் காட்டினேன். காட்டுவதற்கு ஒரு தொந்தரவும் செய்யவில்லை, வெட்கமில்லாமல் நேராக நின்றது. வாகீசன் அதைப் பார்த்தான். தீர்மானம் ஆரம்பித்துவிட்டது, மூன்று தடவை வாசிப்பார்கள், மூன்றாவது முடிகிற இடத்தில் அவன் தோடியைப் பிடிக்க வேண்டும். முதல் தடவை போயிற்று.

“நான் பாடல. தோடியை நீங்க எடுங்கோ,” என்றான்.

“பைத்தியமா உனக்கு? எல்லாரும் என் கையைத்தான் பாப்பா.”

“பாக்கட்டும். வர விரலால எடுங்கோ. நான் தாளம் போடறேன், நீங்க எண்ணவே வேண்டாம்.”

இரண்டாவது தடவை போயிற்று. வில்லை எடுத்தேன். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் இந்த ஜமக்காளத்தில் இருப்பேனா என்று அவன் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். மூன்றாவது தடவை முடிந்தது, சபை கைதட்டலில் அதிர்ந்தது, வாகீசன் வாயைத் திறக்காமல் என்னை நோக்கிக் கையை நீட்டினான், போன்கள் அவனை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின, நீலச் சுடிதாரின் போனுக்கு மட்டும் திரும்ப வேண்டிய வேலையே இருக்கவில்லை. இரண்டு விரலால் எடுத்தேன். மூன்றாவது வரவேண்டிய இடத்தில் வழக்கம்போல வந்து, பாதியில் நின்று, உள்ளங்கைக்குள் சுருண்டது. எப்போதும் அதை வயலினுக்குக் கீழே இழுத்து மறைத்துக்கொள்வேன். இன்றைக்கு அது இருந்த இடத்திலேயே, வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி சுருண்டு கிடக்க விட்டேன். நடுவிரல் நீண்டு போய் அந்த ஸ்வரத்தைத் தொட்டது. கொஞ்சம் தாமதமாகத்தான் தொட்டது, ஆனாலும் தோடி நிற்கவில்லை.